செவ்வாயில் வெட்டியது, வியாழனில் அழுத்தியது

"செவ்வாய். கோது அறுபதும் வெட்டி முடிந்தது. நாள் முழுக்க மழை. நாலு மணிக்கே வெளிச்சம் போய்விட்டது. விரல் நுனியில் சின்னக் கீறல், மஞ்சள் வைத்தேன்."

மின்சாரக் கட்டணம் வந்த கடித உறையின் பின்பக்கத்தில் என் கையெழுத்தில் உள்ள குறிப்பு இது. உறையின் மூலையில் முழுத் திகதியும் இருக்கிறது. ஆண்டை அச்சில் போட வேண்டாமென்று என் கணவர் கேட்டுக்கொண்டதால் கிழமைகளை மட்டும் தருகிறேன். நாங்கள் லண்டன் மோர்டனில் வேர்விட்டு வெகுகாலத்துக்குப் பின், ஓர் ஐப்பசி மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு திருத்தம். நாங்கள் சுவிஸை விட்டு லண்டனுக்கு வந்தது பனிக்காலத்தில் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். பிறகு பழைய ரயில் பற்றுச்சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். வைகாசி மாதம். அந்தப் பனி எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. என் நினைவில் அது இன்னமும் பெய்துகொண்டுதான் இருக்கிறது.

தேங்காய் துருவியின் தங்கை

எங்கள் வீட்டின் பின்புறம் பிளாஸ்ரிக் கூரை போட்ட ஒரு கண்ணாடி அறை உண்டு. மழை பெய்தால் அங்கே பேச முடியாது. அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்குப் பேசவும் ஆள் இல்லை. என் கணவர் குலசிங்கம், இந்தத் தொடரில் 'இவர்' என்றே நான் எழுதிவருபவர், ஹவுன்ஸ்லோவில் மகன் வீட்டுக்குத் தரைப்பலகை போடப் போய் இரண்டு நாளாகியிருந்தது.

மேசை விளிம்பில் திருகிப் பூட்டிய சின்ன யந்திரம் ஒன்று. தேங்காய் துருவும் யந்திரத்தின் தங்கை என்று சொல்லலாம். ஒரு பக்கம் கைப்பிடி, மறுபக்கம் துவக்குத் தோட்டாவின் வெற்றுப் பித்தளைக் கோதை அடிப்பக்கமாகப் பிடித்து நிறுத்தும் கவ்வி. கைப்பிடியைச் சுற்றினால் சின்னஞ்சிறு கத்தி ஒன்று கோதின் வாயை வந்து தொடும். தொட்டதும் மயிரிழை போலப் பித்தளை சுருண்டு விழும்.

ஒரு கோதுக்குப் பதினொரு சுற்று. பதினொன்றாவதில் கை இலேசாகிவிடும். கத்திக்கு இனி வெட்ட ஒன்றுமில்லை என்று அர்த்தம். எடுத்து, வாயின் பிசிறை உள்ளும் புறமும் வழித்து, ஊதி, நிமிர்த்தி வைக்க வேண்டும். பிறகு அடுத்தது.

இருபதாவது கோதுக்குப் பிறகு எண்ணிக்கை தானாக ஓடும். மனம் எங்கோ போய்விடும். அன்று மழைத்தண்ணீர் கூரையில் ஓடும்போது அதன் நிழல் மேசைமேல் ஓடியது. நிமிர்த்தி வைத்த கோதுகள் அந்த நிழலுக்குள் நிற்பதும் வெளியே வருவதுமாக இருந்தன. நான் இருக்கும் அறை மெல்ல எங்கோ மிதந்து போவதுபோல இருந்தது. எனக்குப் பிடித்தமான வேலை இது. வேறெந்த வேலையும் என்னை இவ்வளவு தூரம் கொண்டுபோனதில்லை.

பித்தளைத் தூள் கம்பளத்துக்குள் போகும். கொசுவத்துக்குள் போகும். ஒருமுறை பேர்த்தி என் தலைமயிரில் கண்டெடுத்து, "அம்மம்மா, யூ ஹாவ் கிளிட்டர்!" என்றாள். நான் மறுக்கவில்லை.

சத்தத்துக்கு வரமாட்டன்

யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்த ஒருவர் துவக்கைத் தொடுவாரா என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் சொந்தக்காரரே கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த விலகல்.

சுவிஸில் நாங்கள் இருந்த கிராமத்தில் ஞாயிறு காலைகளில் ஆண்களும் பெண்களும் சைக்கிளில் போவார்கள். அரைவாசிப் பேர் தேவாலயத்துக்கு, மிச்சப் பேர் துவக்கை முதுகில் கொழுவிக்கொண்டு முந்நூறு மீற்றர் தூரத்தில் கடதாசி வட்டத்தைச் சுடுவதற்கு. இவர் கோப்பை கழுவிய உணவகத்தின் முதலாளி அந்தச் சுடும் கழகத்தில் ஏதோ பொறுப்பில் இருந்தார். "சும்மா இருக்கிறாய், வா" என்று கூட்டிப் போனார்.

எங்கள் நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தவரைத் துவக்கைத் தொட விடவில்லை. அது அங்கே சட்டம். பல வருடம் இவர் அடுத்தவர் சுட்ட துளைகளுக்குக் கடதாசி ஒட்டினார். குடியுரிமை கிடைத்த பிறகு வந்த முதல் ஞாயிறு, கழகத்து ஆட்கள் இவரைப் பாயில் படுக்கவைத்து, கையில் ஒரு பழைய இராணுவத் துவக்கைக் கொடுத்து, தாங்கள் போய்க் கடதாசி ஒட்டினார்களாம்.

லண்டனில் அனுமதிப்பத்திரம் கிடைத்து, அதே மாதிரித் துவக்கு வீட்டுக்கு வந்த நாளில் நான் ஒரு நிபந்தனை போட்டேன்.

"சத்தத்துக்கு வரமாட்டன். சத்தத்துக்கு முன்னம் என்ன வேலை எண்டாலும் சொல்லுங்கோ."

"அப்ப கோது வெட்டுவீரோ?"

"வெட்டுவன்."

இப்படித்தான் ஆரம்பித்தது. வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் வெடிமூடியும் இவருடைய பூட்டிய அலுமாரியில். அதன் பக்கம் நான் போவதில்லை. வெற்றுக் கோது மட்டும் என் பொறுப்பு. அந்தத் துவக்குக்கு ஏற்ற புதுக் கோது இங்கே தேடினாலும் கிடைப்பது அருமை. அதனால் ஒரே கோதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம். சுட்டு வந்ததை நான் பழப்புளி போட்டுக் கழுவுவேன், குத்துவிளக்குக்குப் போடுவதுபோல. இங்குள்ள சுடும் கழகத்து வெள்ளைக்காரர்கள் ஆளுக்கு ஆள் விலைகூடிய திரவம் வாங்கிக் கழுவியும் அந்தப் பளபளப்பு வருவதில்லை. மார்ட்டின் என்பவர் இரகசியம் கேட்டு, ஒரு கட்டிப் பழப்புளி வாங்கிப் போய், கொட்டையோடு போட்டு, கொட்டை கோதுக்குள் சிக்கி ஒரு கிழமை பட்டபாடு தனிக்கதை.

வேலையின் வரிசை

வாசகர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுடும்போது கோது உப்பிவிடும். அதை ஓர் உருக்கு அச்சுக்குள் அழுத்தி எடுத்தால்தான் பழைய உருவத்துக்கு வரும். அழுத்தும்போது பித்தளை போவதற்கு இடமில்லாமல் முன்பக்கம் நகர்ந்து, கழுத்து கொஞ்சம் நீளும். அந்த நீளத்தைத்தான் நான் வெட்டுகிறேன்.

ஆகவே கழுவுவது, அழுத்துவது, வெட்டுவது. வரிசை இதுதான்.

நீளத்தை வெட்டாமல் விட்டால், துவக்கின் அறைக்குள் கோதின் வாய் நெரிபட்டு, அதில் பொருத்திய சன்னம் என்ற குண்டை விடாமல் பிடித்துக்கொள்ளும். முன்னால் போக வேண்டிய அழுத்தம் போக வழியில்லாமல் ஏறும். பின்னால் வந்தால், பின்னால் இருப்பது சுடுகிறவரின் முகம். நான் வெட்டும் நீளம் மில்லிமீற்றரின் பத்திலொரு பங்குதான்; ஆனால் அது இந்த முகத்தைப் பற்றியது.

அழுத்துவது இவர். வெட்டுவது நான். வெட்டி முடித்ததும் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் திகதி போட்ட கடதாசித் துண்டு ஒன்று வைப்பேன். ஊரில் கச்சேரி என்ற அரச அலுவலகத்தின் பதிவேட்டு அறையில் ஆரம்பித்து லண்டனில் ஒரு வைத்தியசாலையின் பதிவேட்டு அறையில் ஓய்வுபெற்றவள் நான். துண்டு வைக்காமல் எனக்கு ஒரு வேலையும் முடியாது. எங்கள் வீட்டில் பிள்ளைகளின் ஊசித் திகதி, கார் காப்புறுதித் திகதி, கலியாணங்கள், செத்தவீடுகள் எல்லாவற்றுக்கும் என் துண்டுதான் கடைசிச் சொல். இவர் அதோடு வாதாடுவதில்லை.

வெயில் அடித்த சனிக்கிழமை

சனிக்கிழமைக் காலைகளில் அந்த வாரத்துத் துண்டுகளையும் உறைகளையும் எடுத்து வைத்து, ஒழுங்காகக் குறிப்பேட்டில் பிரதிபண்ணுவேன். அன்று இவர் விடியக் காலையிலேயே சரே மாவட்டப் பக்கம் சுடும் போட்டிக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். நல்ல வெயில். தேநீர் ஆற்றி வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

"செவ்வாய். கோது அறுபதும் வெட்டி முடிந்தது."

"புதன். இவர் ஹவுன்ஸ்லோவால் திரும்பினார். முழங்கால் நோ."

"வியாழன். இவர் கோது அறுபதையும் அச்சில் அழுத்தினார். நான் முறுக்குச் சுட்டேன்."

முறுக்கு என்று எழுதிவிட்டுப் பேனையை எடுத்தேன். பிறகு மேலே பார்த்தேன். செவ்வாய். வியாழன்.

ரேடியேற்றருக்கு மேல் காய்ந்துகொண்டிருந்த டப்பாவைத்தான் செவ்வாய்க்கிழமை நான் எடுத்திருக்கிறேன். கழுவியது, ஆனால் அழுத்தாதது. அழுத்திய கோதில் எப்போதும் மெல்லிய எண்ணெய் இருக்கும். அன்று கை பிசுபிசுக்கவில்லை. அதற்காகச் சந்தோஷப்பட்டதும் நினைவுக்கு வந்தது. அரைவாசிக் கோதில் கத்தி பட்டதே தெரியவில்லை. எனக்குக் கை பழகிவிட்டது என்று நினைத்திருக்கிறேன்.

வெட்டிய பிறகு அழுத்தினால் திரும்பவும் நீளும். நீண்ட அறுபதையும் மருந்திட்டு எடுத்துக்கொண்டு இவர் போயிருக்கிறார். துவக்குக்குள் போடுவதற்கு.

இவருடைய போன் காருக்குள் கிடந்து அடித்தது; சுடும் இடத்துக்கு அதைக் கொண்டுபோவதில்லை. கழகத்து இலக்கத்தில் பதிவுசெய்த குரல் ஒன்று வேலைநாட்களில் அழைக்கச் சொன்னது. மகன் விமான நிலையத்தில் ஷிப்ட், போன் லொக்கருக்குள். நான் ரக்ஸிக்கு அடித்தேன்.

வந்தவர் ஸ்ட்ரெதமில் இருக்கும் தவம். எங்களுக்குத் தெரிந்தவர். ஐம்பது வயதிருக்கும்.

"என்னக்கா, வெள்ளனக் கோயிலுக்கோ?"

"இல்லைத் தவம். துவக்குச் சுடுற இடத்துக்கு."

கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தார். "ஆரையக்கா சுடப் போறியள்? அண்ணை என்ன செய்தவர்?"

"அவர் ஒண்டும் செய்யேல்லை. நான்தான் செய்துபோட்டன். கெதியா விடும்."

"கெதியா எண்டால் வழி முழுக்கக் கமெரா. லைசன்ஸில ஏற்கெனவே ஆறு பொயிண்ட். பன்னிரண்டெண்டால் பறிச்சுப்போடுவாங்கள்."

"ஆறெண்டால் இன்னும் மூண்டு தாங்கும்."

"வடிவாக் கணக்குப் பாக்கிறியள்" என்று சொன்னாலும் விட்டார்.

பெருந்தெருவில் மரங்கள் மஞ்சளாகி நின்றன. எனக்கு அந்தப் பயணம் ஒழுங்காக நினைவில்லை. நினைவிலிருப்பது ஒளி மட்டும். மரத்துக்கு மரம் விட்டுவிட்டு வரும் வெயில் என் மடியில் விழுந்தும் விழாமலும் போனது. கோதின் வாயைப்பற்றி யோசித்தேன். அது எவ்வளவு சின்ன வட்டம், அதற்குள் விரல் நுனிகூடப் போகாது என்று யோசித்தேன். கார்டிகனைக் கழற்றி மடியில் வைத்திருந்தேன். தவம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். வேறொருவரின் கனவுக்குள் நான் பின் சீட்டில் இருப்பதுபோல இருந்தது.

சப்பாத்தின் அடி

கார் நிறுத்தும் இடத்தில் கதவைத் திறந்ததும் முதலாவது சத்தம். உடம்பு குந்தப் பார்த்தது. குந்துவதற்குப் பழகிய உடம்பு.

"அக்கா, நான் போய்ச் சொல்லட்டோ?" என்றார் தவம்.

"உமக்கு என்னத்தைச் சொல்லத் தெரியும்?"

நடந்தேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் நின்று, பிறகு நடந்தேன். செம்மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு பெண் ஓடிவந்து, நான் வாய் திறப்பதற்குள் என் காதுகளில் பெரிய காதுமூடியை மாட்டிவிட்டாள். உலகம் தண்ணீருக்கடியில் போனது.

அந்த நிசப்தத்துக்குள் நான் கண்டது இப்போதும் கனவில் வருகிறது. செத்தைநிறப் பற்றைவெளி. அதன் எல்லையில் தபால்முத்திரை அளவில் வெள்ளைச் சதுரங்கள். ஒரு சிவப்புக் கொடி. புல்லில் வரிசையாகப் பாய் விரித்து, மத்தியானம் நித்திரை கொள்பவர்கள்போல, பதினைந்து இருபது பேர் குப்புறப் படுத்திருந்தார்கள். எல்லாருடைய முகமும் அப்பால் இருந்தது. தெரிந்தவை சப்பாத்துகளின் அடிகள் மட்டும்.

இவருடைய சப்பாத்தின் அடி எனக்குத் தெரியும். இடது குதி எப்போதும் வெளிப்பக்கம் தேயும். ஏழாவது பாய்.

அந்த இடத்தில் ஒரு விதி உண்டு. ஆபத்தைக் கண்டவர் யாராயிருந்தாலும் 'ஸ்டாப்' என்று கத்தலாம். அதிகாரியாக இருக்க வேண்டியதில்லை. கத்தியவரிடம் காரணம் பிறகுதான் கேட்பார்கள். எந்த அலுவலகத்திலும் நான் குரலை உயர்த்தியவள் அல்ல. அன்று கத்தினேன். காதுமூடிக்குள் என் குரல் எனக்கே வேறு யாரோ போலக் கேட்டது.

பாய்க்குப் பாய் அந்தச் சொல் போனது. எல்லாக் கைகளும் துவக்கைவிட்டு எடுபட்டன. இவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னப்பா இது? பிள்ளையளுக்கு ஏதும்…"

"பிள்ளையள் சுகம். அதைச் சுடாதேங்கோ."

"எதை?"

"உந்த வெடியளை. நான் வெட்டினது செவ்வாய். நீங்கள் அழுத்தினது வியாழன்."

இவர் முகத்தில் வரிசை மாறி விழுவதைக் கண்டேன். மெதுவாகத் துவக்கின் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தார். துவக்குக்குள் வெடி ஒன்று இருந்தது. அதை உள்ளங்கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வியாழன் சன்னம் கழுத்தில நிக்கேல்லை. அழுத்த மறந்துபோனன் எண்டு நினைச்சு அழுத்தினன். பிறகு நீளும் எண்டது எனக்கும் ஓடேல்லை."

"அளந்து பாக்கேல்லையோ?"

"டப்பாவுக்க உம்மட துண்டு கிடந்தது. வெட்டி முடிந்தது எண்டு. துண்டு கிடந்தால் நான் எப்ப அளந்தனான்?"

செம்மஞ்சள் மேலங்கிப் பெண் காரணம் கேட்டாள். இவர் ஆங்கிலத்தில் சொன்னார். தன் பிழை என்று மட்டும் சொன்னார். என் பெயர் அதில் வரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சத்தத்துக்கு வரமாட்டன் எண்டனீர்."

"உங்கட சத்தம் நிக்கக்கூடாது எண்டுதான் வந்தனான்."

முப்பத்தெட்டும் இருபத்திரண்டும்

அறுபதில் இருபத்திரண்டு சுட்டாகிவிட்டது. மிச்சம், துவக்குக்குள் கிடந்ததோடு சேர்த்து முப்பத்தெட்டு. அடுத்த வாரம் ஒவ்வொன்றாகச் சன்னத்தைக் கழற்றி மருந்தைக் கொட்டிவிட்டு, கண்ணாடி அறையில் இருவரும் இருந்து அளந்தோம். இவர் அளவுகோலை வாசித்தார், நான் எழுதினேன். இருபத்தேழு எல்லைக்குள் இருந்தன. பதினொன்று எல்லையைத் தாண்டியிருந்தன. அந்தப் பதினொன்றும் என் கையால் பதினொரு சுற்றுச் சுற்றப்பட்டவைதான் என்று எண்ணிக்கொண்டேன். அதில் ஒரு கணக்கும் இல்லை, சும்மா மனம் அப்படிப் போனது.

சுட்ட இருபத்திரண்டை அளந்து பயனில்லை. சுட்டதும் கோது வேறு உருவமாகிவிடும். சுடுமுன் என்ன நீளத்தில் இருந்தது என்பதை அது சொல்லாது.

இப்போது நான் வெட்டுவதை இவர் அளக்கிறார். இவர் அழுத்தியதை நான் தொட்டு, எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கிறேன். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. எனக்கு அதில் குறையில்லை. மழைநாட்களில் மேசையின் இரு பக்கமும் இருந்து, ஒன்றும் பேசாமல், இரண்டு பேரும் எங்கெங்கோ போய்வருகிறோம்.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது.

அங்கே ஒருவர் சுட, பக்கத்தில் இருப்பவர் அவருக்குப் புள்ளி எழுதுவார். அன்று இவருக்கு எழுதியவர் பழப்புளி மார்ட்டின். இவர் துவக்கைத் துடைத்து உறையில் போடப் போயிருந்தபோது, தேநீர் அறையில் என்னிடம் அவர் சொன்னார்: மூன்றாவது வெடியிலிருந்தே கைப்பிடி சுலபமாக உள்ளே போகவில்லை, உங்கள் கணவர் ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தட்டித்தான் ஏற்றினார், நான் ஒருமுறை அவரைத் திரும்பிப் பார்த்தேன், அவர் சிரித்துவிட்டுத் தொடர்ந்து சுட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில், இவருடைய காருக்குள், இவரிடம் கேட்டேன்.

"கடைசி ஒண்டுதான் கொஞ்சம் இறுக்கமா இருந்தது. குளிராக்கும் எண்டு விட்டிட்டன்."

அன்று குளிர் இல்லை. அது என் குறிப்பில் இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து, கோது கழுவும்போது, திரும்பவும் கேட்டேன். திரும்பவும் அதே பதில். "கடைசி ஒண்டுதானப்பா. எத்தினை தரம் கேப்பீர்?"

மார்ட்டின் சொன்னது சரியென்றால், தன் கைக்குத் தெரிந்த ஒன்றை என் துண்டுக்காக இவர் இருபத்தொரு தடவை தட்டி உள்ளே அனுப்பியிருக்கிறார். இவர் சொன்னது சரியென்றால், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. புள்ளித்தாளின் பிரதியை வாங்கிப் பார்த்தேன். அதில் புள்ளிகள் மட்டும் இருக்கின்றன. இரண்டு சாட்சியத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன். எது நடந்தது என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படவில்லை.